மறிப்பதா, திரள்வதா, கதவைத் தட்டுவதா?

ஒரு பேட்டையில் பாசிசக் கட்சி காலூன்ற வரும்போது எடுத்த எடுப்பில் படை திரட்டிக்கொண்டு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சந்தை கூடும் முனையில், பத்திரிகைக் கட்டோடு நாலு பேர் வந்து நிற்பார்கள். கிழக்கு லண்டனின் பிரிக் லேனுக்கு 1970களில் நேஷனல் ஃபிரண்ட் அப்படித்தான் வந்தது. அடுத்த வாரம் நாலு பத்தாகும். அதற்கடுத்த வாரம் கடைக்காரர் ஒருவரை அடிப்பார்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களும் கடை வைத்திருப்பவர்களும் ஒரு மாலை கூடி உட்கார்ந்து ‘என்ன செய்யலாம்’ என்று பேசினால், அவர்கள் முன் இருக்கும் வழிகள் எவை, எதைத் தேர்ந்தெடுப்பது?

1936 முதல் லண்டன்வாசிகள் இந்தக் கேள்விக்குப் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். எந்த வழிக்கு எவ்வளவு விலை கொடுத்தார்கள், எது எதைத் தடுத்தது, எது தடுக்கவில்லை என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதனால் கொள்கைச் சண்டையில் இறங்காமல், நடந்ததை வைத்தே ஒப்பிட முடியும். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசிஸ்டுகளுக்கு மேடை கொடுத்து விவாதத்தில் மடக்கிவிடலாம் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விவாதிக்கவா தெருவுக்கு வருகிறார்கள்? ஆனால், அடித்து விரட்டிவிட்டால் கதை முடிந்தது என்பவர்களும் வரலாற்றின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

அரசிடம் விட்டுவிடுவது என்ற வழியைச் சட்டென்று பார்த்துக் கடந்துவிடலாம். 1936 அக்டோபர் 4 அன்று பிரிட்டிஷ் பாசிஸ்டுகளின் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியின் கருஞ்சட்டைப் படை, கிழக்கு லண்டனில் யூதர்கள் நிறைந்த ஈஸ்ட் எண்டுக்குள் ஊர்வலம் போக அனுமதி பெற்றிருந்தது. தடை கேட்டுச் சில நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் கையெழுத்து திரட்டினார்கள். உள்துறை அமைச்சர் ஜான் சைமன் மறுத்துவிட்டார். அந்த நாள் கலவரமாக முடிந்த பிறகுதான் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. 1937 ஜனவரி முதல் கட்சிச் சீருடை அணிவதற்குத் தடை. ஊர்வலங்களை நிறுத்தும் அதிகாரம் போலீசுக்குப் போனது. சீருடைத் தடை கருஞ்சட்டைகளை உண்மையிலேயே பாதித்தது. ஆனால் ஊர்வலத் தடை என்பது எல்லோருடைய ஊர்வலத்துக்கும் தடை. அதே சட்டம் பின்னாளில் தொழிலாளர்கள் மீதும் இடதுசாரிகள் மீதும் பாய்ந்தது. லண்டனின் வெல்லிங் பகுதியில் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி நடத்திய புத்தகக் கடைக்கு எதிராக 1993 அக்டோபரில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போய்த் தடியடி வாங்கினார்கள். கடைசியில் 1995-ல் கடையை மூட வைத்தது உள்ளாட்சியின் கட்டட அனுமதி விதி. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சட்டத்தைப் பயன்படுத்த வேண்டிய இடத்தில் பயன்படுத்தத்தான் வேண்டும். அதையே நம்பி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க முடியாது என்பதுதான் விஷயம்.

அடுத்த வழி பெருந்திரள். அந்த அக்டோபர் 4-ல் மோஸ்லியின் ஊர்வலத்தை மறித்த ஈஸ்ட் எண்ட் தெருவான கேபிள் ஸ்ட்ரீட்டின் பெயர் இன்றும் சுவரோவியமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அன்று யூத சமுதாயத்தின் அதிகாரபூர்வ அமைப்பு, ‘வீட்டிலேயே இருங்கள், வம்பு வேண்டாம்’ என்று அறிவுறுத்தியது. கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையோ முதலில் அதே நாளில் டிராஃபல்கர் சதுக்கத்தில், உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த ஸ்பெயின் குடியரசுக்கு ஆதரவான கூட்டம் நடத்தத்தான் திட்டமிட்டிருந்தது. ஈஸ்ட் எண்ட் கிளைத் தோழர்கள் கடைசி நாட்களில் முரண்டு பிடித்துத்தான் அந்த முடிவை மாற்றினார்கள். கார்டினர்ஸ் கார்னர் சந்திப்பில் டிராம் ஓட்டுநர் ஒருவர் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசாரால் வழி ஏற்படுத்த முடியவில்லை. கேபிள் ஸ்ட்ரீட் பக்கம் திரும்பியபோது அங்கே கவிழ்த்துப் போட்ட லாரி, பழைய சாமான்கள், மாடி ஜன்னல்களிலிருந்து பெண்கள் கொட்டிய குப்பை. ஐரிஷ் துறைமுகத் தொழிலாளர்களும் யூதத் தையல்காரர்களும் தோளோடு தோள் நின்றார்கள். காவல் ஆணையர் ஃபிலிப் கேம், மோஸ்லியைப் படையோடு மேற்குப் பக்கமாகத் திரும்பிப் போகச் சொல்ல வேண்டியதாயிற்று.

சுவரோவியத்தில் இடம்பெறாத பகுதியையும் சேர்த்துப் படித்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். சரியாக ஒரு வாரம் கழித்து மைல் எண்ட் சாலையில் இளைஞர் கும்பல் ஒன்று யூதர்களின் கடைக் கண்ணாடிகளை நொறுக்கியது. அடுத்த மார்ச்சில் நடந்த லண்டன் கவுன்டி கவுன்சில் தேர்தலில் பெத்னல் கிரீன் வடகிழக்குத் தொகுதியில் மோஸ்லி கட்சிக்கு ஏறத்தாழ 23 சதவீத ஓட்டு. இடம் ஏதும் கிடைக்கவில்லை, ஆனாலும் ஊர்வலத்தைத் தடுத்ததால் ஆதரவு கரைந்துவிடவில்லை. பெருந்திரள் அன்று ஜெயித்தது ஒரு தெருவை, ஒரு நாளுக்கு. அது சின்ன விஷயமில்லை. ‘இவர்கள் நினைத்த இடத்தில் நடக்கலாம்’ என்ற பயம் உடைந்தது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

1977-லும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். ஆகஸ்ட் 13-ல் லூயிஷமில் நேஷனல் ஃபிரண்ட் ஊர்வலத்தை உள்ளூர்க்காரர்களும் இடதுசாரிகளும் சிதறடித்தார்கள். பிரிட்டனின் பெருநிலத்தில் போலீஸ் கலவரக் கேடயத்தை முதன்முதலாக எடுத்தது அன்றுதான். அந்த ஆண்டு இறுதியில், நேஷனல் ஃபிரண்டை எதிர்க்க ஆன்டி-நாஜி லீக் என்ற இயக்கம் பிறந்தது. இசையும் அரசியலும் கலந்த 1978 ஏப்ரல் திருவிழாவுக்கு விக்டோரியா பூங்காவில் எண்பதாயிரம் பேர் போலத் திரண்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு அலைந்தார்கள். கைகலப்புக்கு வராத, வர முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரு வேலை கிடைத்தது. இந்த வழியின் மிகப் பெரிய பலம் இது.

பலவீனமும் அதே 1978-ல் தெரிந்தது. செப்டம்பர் 24 அன்று லீக் தன் இரண்டாவது திருவிழாவைத் தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் நடத்தியது. அதே நாளில் நேஷனல் ஃபிரண்ட் ஈஸ்ட் எண்டுக்குள் ஊர்வலம் போவதாக அறிவித்தது. பாட்டுக் கேட்கக் கூடியிருந்த பெருங்கூட்டத்தோடு ஒப்பிட்டால், பிரிக் லேன் காவலுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் சொற்பம். பிரிக் லேனில் வாழ்ந்த வங்காளிகள் அதை மறக்கவில்லை. மையக் குழு ஒன்று நாள் குறித்து, மேடை போட்டு, துண்டறிக்கை அச்சிட்டு நடத்தும் இயக்கத்தில், அடி வாங்குகிற தெருவின் அவசரம் இரண்டாம்பட்சமாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு.

ஈழத் தமிழரான அம்பலவாணர் சிவானந்தன் இதை வேறொரு கோணத்திலிருந்து சொன்னார். 1958 இனக் கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்தவர். வந்து இறங்கிய ஆண்டே, லண்டனில் கருப்பின மக்களைக் குறிவைத்த நாட்டிங் ஹில் கலவரத்தைக் கண்டவர். பிறகு இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக நெடுங்காலம் இருந்தார். கருப்பின, ஆசிய மக்கள் அன்றாடம் எதிர்கொள்வது இனவெறியை, அதில் போலீசின் இனவெறியும் குடியேற்றச் சட்டத்தின் இனவெறியும் அடக்கம். அதை எதிர்ப்பதன் வழியே பாசிசத்தை எதிர்க்க வேண்டியிருக்க, லீக் பாசிசத்தை மையமாக வைத்து இனவெறியைப் போகிற போக்கில் தொட்டுச் செல்லும் இயக்கமாகப் போராட்டத்தைத் திருப்பிவிட்டது என்பது அவர் விமர்சனம். 1979 தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் 303 இடங்களில் நின்று படுதோல்வி அடைந்தது. லீக் அதைத் தன் வெற்றியாகச் சொல்லிக்கொண்டது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் 1978 ஜனவரியிலேயே மார்கரெட் தாட்சர் தொலைக்காட்சியில் தோன்றி, வேறு பண்பாட்டு மக்கள் வந்து நாடு மூழ்கிவிடுமோ என்று வெள்ளையர்கள் அஞ்சுவதாகப் பேசியிருந்தார். ஓட்டு எங்கே போனது என்பதற்கு அதுவும் ஒரு விடை. சிவானந்தன் சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி, பலரும் முகம் சுளிக்கிற, அல்லது ரகசியமாக ரசிக்கிற வழி: சிறு படையாகத் திரண்டு தெருவில் மோதுவது. இதைப் பற்றிப் பேசும்போது 43 குழுவிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. 1946. நாஜிகளோடு போரிட்டுவிட்டு ஊர் திரும்பிய யூதச் சிப்பாய்கள், லண்டன் தெருமுனைகளில் மறுபடியும் யூத வெறுப்புப் பேச்சைக் கேட்டார்கள். ஜெஃப்ரி ஹாம் போன்ற மோஸ்லியின் பழைய ஆட்கள் முன்னாள் படைவீரர் சங்கம் என்ற பெயரில் மேடை போட்டார்கள். உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட், தொழிற்கட்சிக்காரர்தான், தடை செய்ய மாட்டேன் என்றார். முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 43 பேர் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். பிற்பாடு சிகையலங்காரத்தில் உலகப் புகழ் பெற்ற விடால் சசூன் அப்போது பதின்வயதுப் பையன்; அவரும் இதில் இருந்தார். யூதத் தலைமை அமைப்புகள் இந்தப் பிள்ளைகளைப் பொறுப்பற்றவர்கள் என்று கண்டித்தன.

அவர்கள் வேலை செய்த விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கை பலத்தைவிடக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. டால்ஸ்டனின் ரிட்லி ரோடு சந்தையில் பேசுகிற இடம் முதலில் வந்து பிடித்தவருக்குத்தான் சொந்தம், அது எழுதப்படாத வழக்கம். ஆகவே குழுவினர் முந்திக்கொண்டு போய் இடத்தைப் பிடித்துத் தாங்களே கூட்டம் போட்டுவிடுவார்கள். பிடிக்க முடியாத நாளில் அடுத்த உத்தி. அமைதிக்குப் பங்கம் ஏற்படும் என்று தோன்றினால் கூட்டத்தைக் கலைத்துவிடுவது போலீசின் நடைமுறை. அதனால் பேச்சாளரை அடித்துப் போட வேண்டியதில்லை. ஆப்பு வடிவில் கூட்டத்துக்குள் புகுந்து மேடையைச் சாய்த்தால் போதும், மீதியைப் போலீசே முடித்துவிடும். இதற்கெல்லாம் முன்தகவல் வேண்டும். அதற்காக ஆட்கள் பாசிச அமைப்புகளுக்குள்ளேயே உறுப்பினராகப் புகுந்து மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். கூடவே சொந்தப் பத்திரிகை ஒன்றும் நடத்தினார்கள். 1948-ல் மோஸ்லி புதுக் கட்சி தொடங்கியும் தெருவில் நிலைக்க முடியவில்லை. 1951-ல் அவர் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். அதற்கு ஓராண்டு முன்பே, வேலை முடிந்தது என்று 43 குழு தன்னைக் கலைத்துக்கொண்டது. பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி 1948 மே மாதம் முடிந்ததால் யூத வெறுப்புப் பேச்சுக்குத் தீனி குறைந்ததும் ஒரு காரணம். முழுப் புகழையும் குழுவுக்கே கொடுப்பது மிகை. பெரும்பங்கு அவர்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாற்பது வருடம் கழித்து அதே வழியில் வந்தது ஆன்டி-ஃபாசிஸ்ட் ஆக்ஷன். 1985-ல் லண்டனில் தொடங்கி, 1989-ல் புதுப்பிக்கப்பட்டது. ரெட் ஆக்ஷன் என்ற சிறு குழுவும் அனார்க்கிஸ்டுகளும் இதன் முதுகெலும்பு. உடலாலும் கருத்தாலும் எதிர்ப்பது என்ற இரட்டைப் பாதைதான் அவர்களுடைய கொள்கை. பிளட் அண்ட் ஹானர் என்ற நாஜி இசை வலையமைப்பு, கச்சேரி நடக்கும் இடத்தை ரகசியமாக வைத்துக்கொண்டு, ரசிகர்களை ஒரு பொது இடத்துக்கு வரச்சொல்லி அங்கிருந்து கூட்டிப் போகும். 1992 செப்டம்பர் 12 அன்று அந்தப் பொது இடம் வாட்டர்லூ ரயில் நிலையம். எதிர்ப்பாளர்கள் முன்பே போய் நின்றுவிட்டார்கள். மோதலில் நிலையத்தையே மூட வேண்டி வந்தது. இப்படி வருடக்கணக்கில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு பத்திரிகை விற்பனைக்கும் ஆள் வந்து நின்றதால், 1994 வாக்கில் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டி இனி ஊர்வலமும் வேண்டாம் அடிதடியும் வேண்டாம் என்று தேர்தல் பக்கம் திரும்பியது.

விலை என்ன என்று பார்ப்போம். மூடிய குழுவில் யார் என்ன செய்கிறார்கள் என்பது குழுவுக்கே தெரியாமல் போகும். ரெட் ஆக்ஷனைச் சேர்ந்த இருவர், 1993-ல் லண்டனின் ஹாரட்ஸ் கடையில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவுக்காகக் குண்டு வைத்த வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். பாசிசத்தை எதிர்க்க வந்த மற்றவர்கள் அதற்கு எந்த வகையில் பொறுப்பு? ஆனாலும் பழி எல்லோர் தலையிலும் விழுந்தது. லண்டன் போலீஸ் 1968 முதல் 2008 வரை ரகசியப் பிரிவு ஒன்று வைத்து இடதுசாரி, பாசிச எதிர்ப்பு அமைப்புகளுக்குள் ஆட்களை நுழைத்து வந்தது. 2015-ல் அமைக்கப்பட்ட பொது விசாரணை, அவர்களில் சிலர் போலிப் பெயரில் பெண்களோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்தியதைக்கூட வெளியே கொண்டுவந்தது. ரகசியமாக இயங்கினால் பாதுகாப்பு என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கடைசியாக ஒன்று. சண்டைக்குத் தோதான இருபது வயது ஆண்கள் மட்டுமே உறுப்பினர்களாக மிஞ்சும் அமைப்பு, தான் காக்க வந்த தெருவிலிருந்தே சீக்கிரம் அந்நியமாகிவிடும்.

தற்காப்பு என்ற வழியைப் பலர் மேலே சொன்னதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். இரண்டும் வேறு. தேடிப் போய் மறிப்பது ஒன்று, தேடி வந்தவனிடமிருந்து காத்துக்கொள்வது இன்னொன்று. 1976 ஜூனில், ஆசியர்கள் நிறைந்த மேற்கு லண்டனின் சவுத்தாலில் குர்தீப் சிங் சாகர் என்ற மாணவர் தெருவில் குத்திக் கொல்லப்பட்டார். பெரியவர்கள் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தபோது இளைஞர்கள் காவல் நிலையத்தை முற்றுகையிட்டார்கள். சவுத்தால் இளைஞர் இயக்கம் அங்கேதான் பிறந்தது. 1978 மே 4 அன்று கிழக்கு லண்டனில் வங்காளித் தையல் தொழிலாளி அல்தாப் அலி வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்துச் சுமார் ஏழாயிரம் பேர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் இல்லம் வரை நடந்தார்கள். பிரிக் லேன் முனையில் நேஷனல் ஃபிரண்ட் பத்திரிகை விற்கும் இடத்தை விடியும் முன்பே போய்ப் பிடித்து உட்கார்ந்தவர்களும் அங்கத்திய இளைஞர்கள்தான். ரிட்லி ரோட்டின் அதே உத்தி. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இந்த வழிக்குச் சட்டத்தின் முன் என்ன இடம் என்பதை வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துப் பன்னிருவர் வழக்கு காட்டியது. 1981 ஜூலையில், பாசிஸ்டுகள் ஊருக்குள் வரப்போவதாகச் செய்தி பரவியபோது சில ஆசிய இளைஞர்கள் பால் போத்தல்களில் பெட்ரோல் நிரப்பி வைத்தார்கள். யாரும் வரவில்லை, அவை பயன்படவும் இல்லை. போலீஸ் கண்டெடுத்து, வெடிபொருள் சதி என்று பன்னிரண்டு பேர் மீது வழக்குப் போட்டது. செய்தோம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எங்கள் மக்களைக் காக்கச் செய்தோம், போலீஸ் காக்காது என்பது எங்கள் அனுபவம் என்று வாதாடினார்கள். 1982 ஜூனில் லீட்ஸ் நீதிமன்றத்தில் ஜூரி எல்லோரையும் விடுவித்தது. அதற்காக இதை ஒரு கேடயமாக நினைத்துவிடக் கூடாது. இன்னொரு ஜூரி வேறு விதமாக முடிவெடுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளின் இளமை சிறையில் போயிருக்கும். தீர்ப்பு வரும்வரை ஓராண்டுக்குக் கிட்டத்தட்ட வழக்கே அவர்கள் வாழ்க்கையாக இருந்தது. வெளியே அவர்களுக்காகக் கூட்டம் போட்டு, நிதி திரட்டி, ஊர் ஊராகப் போய்ப் பேசியவர்கள் இல்லாவிட்டால் அதையும் தாங்கியிருக்க முடியாது.

சவுத்தால் 1979 இந்த வழிகள் எல்லாம் ஒரே நாளில் மோதிக்கொண்ட இடம். ஏப்ரல் 23 அன்று நகர மண்டபத்தில் நேஷனல் ஃபிரண்டின் தேர்தல் கூட்டம். வேட்பாளருக்குச் சட்டப்படி மண்டபம் கொடுத்தாக வேண்டும் என்றது உள்ளாட்சி. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் யோசனை, தெருவில் அமைதியாக உட்கார்ந்து மறிப்பது. இளைஞர்கள் மண்டபத்தை முன்கூட்டியே முற்றுகையிட நினைத்தார்கள். மதியம் கடைகளும் ஆலைகளும் மூடின. ஊரே தெருவில் நின்றது. இரண்டாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட போலீசார் வந்து ஊரைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். நியூசிலாந்திலிருந்து வந்த ஆசிரியர் பிளேர் பீச் தலையில் அடிபட்டு இறந்தார். 340-க்கும் மேற்பட்டோர் மீது வழக்கு. போலீஸ்காரர் ஒருவரின் அடியால்தான் பீச் இறந்திருக்க வேண்டும் என்ற உள்விசாரணை அறிக்கை 2010-ல்தான் வெளியே வந்தது. யார் மீதும் வழக்கு இல்லை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பாசிஸ்டைவிடப் போலீசிடம்தான் அதிக அடி விழலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு வழி யாருக்கும் பரபரப்பைத் தராது. அது கதவைத் தட்டுவது. ஈஸ்ட் எண்டின் ஸ்டெப்னி பகுதிக் கம்யூனிஸ்ட் ஃபில் பிராட்டின் 1936-ல் மோஸ்லியின் ஊர்வலம் ஒன்றை வேடிக்கை பார்க்கப் போனார். பின்னால் நடந்து போனவர்களில் தொழிற்சங்க பேட்ஜ் குத்திய சாதாரண உழைப்பாளிகள் இருந்ததைக் கண்டு திடுக்கிட்டார். இவர்கள் ஏன் அங்கே போகிறார்கள்? ஒழுகும் வீடு, ஏறும் வாடகை. கேட்க நாதியில்லை. அடுத்த ஆண்டு பாரகன் மேன்ஷன்ஸ் என்ற குடியிருப்பில் இரண்டு குடும்பங்களை வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய அமீனா வரப்போவதாகத் தெரிந்தது. இரண்டும் மோஸ்லி கட்சிக் குடும்பங்கள். கட்சி அவர்களைக் கைவிட்டிருந்தது. கம்யூனிஸ்டுகள் போய் அந்தக் குடியிருப்புக்காரர்களைத் திரட்டினார்கள், வாசலில் தடுப்புப் போட்டார்கள். அமீனாவும் கூட வந்த போலீசும் திரும்பிப் போனார்கள். சேதி பரவிய பிறகு பல வீடுகளில் கருஞ்சட்டை உறுப்பினர் அட்டை கிழிந்தது. யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒன்றாக நின்ற வாடகைதாரர் சங்கமும் 1939 வாடகை நிறுத்தப் போராட்டங்களும் இந்த வேலையின் தொடர்ச்சிதான். 1945-ல் மைல் எண்ட் தொகுதி பிராட்டினை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

தேடி வந்து அடிப்பவர்களுக்கு இது பதிலாகாது. ஆனால் ஓட்டுக் கேட்டு வருபவர்களுக்கு இதைத் தவிர வேறு பதில் இல்லை. 1993 செப்டம்பரில் கிழக்கு லண்டனின் மில்வால் வார்டில் பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டியின் டெரிக் பீக்கன் ஏழே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். துறைமுகம் மூடி வேலை போன பகுதி அது. கண்ணெதிரே கேனரி வார்ஃப் என்ற புது அலுவலக வளாகத்தின் கோபுரம், கையில் உள்ளாட்சி தரும் வாடகை வீட்டுக்கான காத்திருப்புச் சீட்டு. வீடுகளை வங்காளிகளுக்கே கொடுக்கிறார்கள் என்ற பேச்சைப் பெரிய கட்சிகளே ஊதி வளர்த்திருந்தன. அடுத்த மே மாதம் அவர் தோற்றார். கவனிக்க வேண்டியது, அவருக்கு விழுந்த ஓட்டு குறையவில்லை, கூடியது. எதிர்த்து ஓட்டுப் போட வெளியே வந்தவர்கள் அதைவிடக் கூடினார்கள், வீடு வீடாக ஏறி இறங்கியதால். கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் 2006-ல் அதே கட்சிக்குப் பன்னிரண்டு கவுன்சிலர்கள். 2010-ல் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அதுவும் வீடு வீடாகப் போனதன் பலன்தான்.

இதிலும் ஓட்டை உண்டு. ‘அவர்களுக்குப் போடாதீர்கள்’ என்று மட்டும் சொல்லிக் கதவைத் தட்டினால், ஒழுகும் கூரை தேர்தலுக்கு மறுநாளும் ஒழுகும். ஆன்டி-ஃபாசிஸ்ட் ஆக்ஷனில் ஒரு பகுதியினர் 1995-ல் இதைத்தான் வாதிட்டார்கள். பாசிஸ்டுகள் தெருவை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் நுழையும் வெற்றிடத்தை உழைக்கும் மக்களின் சொந்த அமைப்பு நிரப்ப வேண்டும். அதற்காகத் தனி அமைப்பு தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்டில் சில கவுன்சிலர் இடங்களும் பெற்றார்கள். பழைய அமைப்போ அடிப்பதற்கு எதிரி இல்லாமல் 2001 வாக்கில் ஓய்ந்தது. சண்டைக்காரர்களே எழுதிக் கொடுத்த இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

அமைப்பு முறை பற்றி ஒன்றே ஒன்று. கட்சிச் சண்டையைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வருபவர்களால்தான் எந்த வழியும் நடந்திருக்கிறது. இத்தாலியில் 1921-ல் அர்திதி தெல் போப்போலோ என்ற மக்கள் படை பாசிஸ்டுகளை எதிர்த்து எழுந்தபோது, சோசலிஸ்டுகள் முசோலினியோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கம்யூனிஸ்டுகளோ தங்கள் உறுப்பினர்களை அதிலிருந்து விலகச் சொன்னார்கள். கட்சிக் கட்டளையைப் பொருட்படுத்தாத பார்மா நகரத்து எளிய மக்கள் மட்டும் 1922 ஆகஸ்டில் இதாலோ பால்போவின் ஆயிரக்கணக்கான கருஞ்சட்டைகளைத் தடுத்து நிறுத்தினார்கள். அக்டோபரில் முசோலினி பிரதமர்.

இவ்வளவையும் வைத்து, அந்தப் பிரிக் லேன் மாலைக் கூட்டத்தில் எனக்கு ஓர் ஓட்டு இருந்தால்? வந்திருப்பவனுக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்த்துத்தான் கையைத் தூக்குவேன். மேடைதான் வேண்டும் என்றால், முனையை முன்கூட்டியே பிடிப்பது. ஊரோடு, பெண்களோடு, கடைக்காரர்களோடு, பகலில். இரவில் வந்து அடிக்கிறான் என்றால் தற்காப்பு. அதற்குத் துணையாக முதல் நாளே வழக்கறிஞர், நிதி, யார் எப்போது தாக்கப்பட்டார் என்ற பதிவேடு. ஓட்டு வேண்டும் என்றால் வாடகைதாரர் சங்கம். அதை அவன் வருவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், தாமதம் என்றாலும் இன்றே. மூடிய சிறு படைக்கு என் ஓட்டு கிடையாது, ஒரு விதிவிலக்கோடு: 43 குழு போல, வெளியே ஒரு சமூகத்துக்குப் பதில் சொல்லக் கட்டுப்பட்டு, ஒற்றை இலக்கோடு, எப்போது கலைவது என்பதைப் பேசி வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு மட்டும்.

2024 கோடை இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்ட பின், கொலையாளி பற்றிய பொய்ச் செய்தி இணையத்தில் பரவி ஊர் ஊராகக் கலவரம் மூண்டது. கட்சி இல்லை, மேடை இல்லை, பிடிப்பதற்கு முனை இல்லை. ஆகஸ்ட் 4 அன்று ராதரம் அருகே அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்க முயன்றபோது, உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே போதிய ஆள் இல்லை. அடுத்த ஓரிரு நாளில், தாக்கப்போவதாகக் குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகங்களின் பட்டியல் ஒன்று டெலிகிராமில் சுற்றியது. ஆகஸ்ட் 7 இரவு லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் தெருவை நிறைத்தார்கள், வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பெருந்திரள் வழி வேலை செய்தது, பலதரப்பட்டவர்கள் நெருக்கமாக வாழும், பல வருடமாக ஒருவரையொருவர் அறிந்த சங்கங்களும் பள்ளிவாசல்களும் இருந்த ஒரு பேட்டையில். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில், அக்கம்பக்கம் என்று யாருமே இல்லாதவர்களுக்கு எந்த வழி பொருந்தும் என்பதற்கு ரிட்லி ரோட்டிலோ பிரிக் லேனிலோ எனக்குப் பதில் கிடைக்கவில்லை. அதை அந்த ஊர்களில் இருப்பவர்கள்தான் இப்போது வேலை செய்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.